தாழ்ப்பாளுக்குப் பின்னால் ஒரு கட்டை

என் அப்பா பயந்தவர். அதுதான் அவருடைய தொழிலும்.

துப்பறியும் நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக மாற்றி எழுதுவார். ஒரு நாவலுக்குப் பதிமூன்று வாரம். வாரத்துக்கு இருபத்திரண்டு நிமிடம். படப்பிடிப்புத் தளத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'பயம் சார்' என்பார்கள். இயக்குநர் ஒரு காட்சியைப் படித்து முடித்ததும், "பயம் சார், இத எழுதும்போது பயந்தீங்களா?" என்று கேட்பார். அப்பா யோசித்துவிட்டு "லேசா" என்றால் தாள் திரும்பி வந்துவிடும். "எழுந்து போய் ஜன்னலச் சாத்துனேன் சார்" என்றால் காட்சி தேறிவிட்டது.

நாய்க்குப் பயம். லிஃப்ட்டுக்குப் பயம். பலூனுக்குப் பயம். தொலைபேசி அடித்தால் மூன்று மணி விட்டு, நான்காவது மணியில்தான் எடுப்பார். ஊசி போடும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஊசி எனக்குத்தான்.

சாப்பாட்டு மேசையின் பாதி அவருடைய அலுவலகம். ஒவ்வொரு நாவலிலும் இரண்டு பிரதிகள் வாங்குவார், தாளின் இரண்டு பக்கத்தையும் வெட்டி ஒட்ட வேண்டுமே. கத்தரிக்கோல், பசை, நீளமான நோட்டு, சிவப்புப் பென்சில். "புக் எழுதுறவங்களுக்கு என்ன கவல? 'ஓர் உருவம் நகர்ந்தது'ன்னு எழுதிட்டுப் படுத்துருவாங்க. நான் அந்த உருவத்துக்குச் செருப்பு வாங்கணும்" என்பார்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. எங்கள் வீட்டில் செய்துபார்த்து நடக்காத எதையும் திரையில் காட்டமாட்டார். கேமரா பொய் சொன்னால் பார்க்கிறவன் பயப்படமாட்டான், சிரிப்பான் என்பது அவர் கணக்கு. அதனால் கொலையெல்லாம் முதலில் எங்கள் கூடத்தில்தான் நடந்தது. அம்மா பிணம். நான் நேரம் குறிப்பவள். சமையலறையிலிருந்து வாசல்வரை ஒருவன் ஓசைப்படாமல் வர எத்தனை நொடி, விழுந்த கை கட்டிலுக்கு அடியில் தெரியுமா தெரியாதா, எல்லாம் அளந்து நோட்டில் ஏறும்.

"மூணு தரம் செத்தாச்சு. அடுப்புல சோறு குழையுது. எந்திரிக்கலாமா?" என்று தரையில் கிடந்தபடியே அம்மா கேட்பாள்.

"கண்ண மூடு. பிணம் பேசாது."

"இந்த வீட்ல பேசுற ஒரே ஆளு அதுதான்."

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது டீச்சரின் நாவல் ஒன்று அப்பாவிடம் வந்தது. டீச்சர் என்றால் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. இருபத்தேழு துப்பறியும் நாவல்கள் எழுதியவர். பதிப்பகம் முதல் படப்பிடிப்புத் தளம் வரை எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

கதை இது. தனியாக வாழும் ஒரு பெண். கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. காலையில் அவள் இறந்து கிடக்கிறாள். தாழ் போட்டபடியே இருக்கிறது. கொலைகாரன் கதவுக்கு வெளியே நின்று, காந்தத்தால் உள்பக்கத் தாழ்ப்பாளை நகர்த்தித் திறந்து, போகும்போது அதேபோல மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

அப்பா செய்துபார்த்தார். தாழ்ப்பாள் அசையவில்லை.

நான் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் 'பித்தளைத் தாழ்ப்பாள்' என்று இருந்தது. பித்தளையைக் காந்தம் இழுக்காது.

"அப்பா, டீச்சர் கெமிஸ்ட்ரிதானே. பிசிக்ஸ்ல வீக்கு போல."

இருவரும் சிரித்தோம். ஒரு வேதியியல் ஆசிரியைக்குப் பித்தளையைப் பற்றித் தெரியாமல் போகுமா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கம்பி தேவைப்பட்டது. அதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஞாயிறு மாலை அப்பா அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். நான் வெளியே நின்று வேலையைத் தொடங்கினேன். நாற்பது நொடி. கதவைத் திறந்தபோது அப்பா கட்டிலின் மறுகோடியில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். தலையணையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"தானா நகருது பாப்பா. யாருமே இல்லாம, அது தானா நகருது."

அப்பாவிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நான்காவது வாரத்துக் காட்சி அது. நானும் தளத்துக்குப் போயிருந்தேன். கையுறை போட்ட இரண்டு கைகள், கம்பி, தாழ்ப்பாள். இயக்குநர் கேமராவை அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனார். முதல் தடவையே தாழ்ப்பாள் நகர்ந்தது. விளக்குக்காரர்கள் கைதட்டினார்கள். "என் பொண்ணு, இன்ஜினியர்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நடந்தார்.

ஒளிபரப்பான மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான்காவது மணியில் அப்பா எடுத்தார். டீச்சர். வகுப்பறைக் குரல் என்பதால் அப்பா காதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் பிடித்திருந்தார். எனக்கும் கேட்டது.

"தம்பி, அந்தத் தாழ்ப்பாள யாரு சரி பண்ணது?"

"என் பொண்ணுதான் டீச்சர். புக்குல ஒரு சின்னத் தப்பு இருந்துச்சு, அதான்..."

"தப்பு இல்ல தம்பி. அது நான் வச்சது."

அப்பா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருபத்தேழு புக்குலயும் ஒரு படிய தப்பாத்தான் வச்சிருக்கேன். விஷம்னா பேரு தப்பு. கதவுன்னா பித்தள. படிக்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. செஞ்சு பாக்குறவனுக்கு மட்டுந்தான் தெரியும். செஞ்சு பாக்குறவன் யாரு தம்பி?"

"டீச்சர்..."

"நீங்க. உங்க பொண்ணு. அப்புறம் இன்னொருத்தன். எனக்கு அந்த இன்னொருத்தன நெனச்சாத்தான் பயம்."

அப்பா தொலைபேசியை வைத்தார். பிறகு எழுந்து வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். காலை ஏழு மணி. வெயில் கூடத்தில் விழுந்து கிடக்கிறது.

அன்றே நான்கு நாளிதழ்களை வீட்டுக்குப் போடச் சொன்னார். காலையில் அடிக்கோலை வரியின் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே படிப்பார். எங்காவது ஒரு பெண், ஒரு வீடு, ஒரு சாவு என்று வந்தால் அடிக்கோல் நின்றுவிடும். அம்மாவும் நானும் அடிக்கோலையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆறாவது வாரம் முடிந்தபின் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதப் பிரிவில் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே இருந்த தாளை மட்டும் குண்டூசி குத்தி அனுப்புவார்கள். வழக்கம் அது. கோடு போட்ட நோட்டுத் தாள். என்னிடம் இன்னும் இருக்கிறது.

'ஐயா, நீங்கள் காட்டிய கதவும் என் அக்கா வீட்டுக் கதவும் ஒரே மாதிரி. தாழ்ப்பாளும் அதே. அக்கா கணவரைவிட்டு வந்து தனியாக இருக்கிறாள். அவர் அந்தக் காட்சியைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாராம். அவரைப் பெற்ற தாயே பயந்துபோய் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கம்பியையும் வாங்கிவிட்டாராம். தாழ்ப்பாளை மாற்ற வீட்டுக்காரர் விடவில்லை. ஐயா, அது நிஜமாகத் திறக்குமா? திறக்காது, நாடகத்துக்காகச் செய்தது என்று டிவியில் சொல்லிவிடுங்கள். அக்கா கொஞ்சம் தூங்குவாள். பெயர் போடவில்லை, மன்னிக்கவும்.'

அம்மா படித்துவிட்டு, "சொல்லிருங்களேன். நாடகத்துக்காகச் செஞ்சதுன்னு" என்றாள்.

"சொன்னா நம்பிருவாளே" என்றார் அப்பா. "நம்பித் தூங்கிருவாளே."

காவல் நிலையத்துக்குப் போனோம். சீருடைக்கும் அப்பாவுக்குப் பயம்தான். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார். அதிகாரி கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"தெரியல சார். உறையத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"அந்தம்மா பேரு?"

"போடல சார்."

"அப்ப நான் யார் வீட்டுக் கதவத் தட்டுறது, சொல்லுங்க." பிறகு முன்னால் குனிந்தார். "அது கெடக்கட்டும். டிரைவர்தான கொலகாரன்? என் சம்சாரம் தோட்டக்காரன்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

எழுதும் தொடரின் முடிவை அப்பா எங்களிடம்கூடச் சொல்லமாட்டார். அன்று சொன்னார். "டிரைவர்தான் சார். கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எல்லா நிலையங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்வதாகச் சொன்னார். சொல்லியிருக்கலாம்.

தெருவுக்கு வந்ததும் அப்பா ஒரு கடையின் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். எதிர்ச்சாரியில் வரிசையாக வீடுகள். கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எது பாப்பா?" என்றார்.

அந்த வாரமே தாழ்ப்பாளை முறியடிக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் படித்த படிப்புக்கு அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று அங்குல மரத்துண்டு. ஒரு முனையில் ஒரே ஒரு திருகாணி. தாழ் போட்டபின் கட்டையைச் சுழற்றிக் கீழே விட்டால், அது தாழ்ப்பாளின் குமிழுக்குப் பின்னால் விழுந்து நிற்கும். பிறகு யார் எதைக் கொண்டு இழுத்தாலும் தாழ்ப்பாள் அரை விரல் நகர்ந்து கட்டையில் இடிக்கும். 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எங்கள் அறைக் கதவில் முப்பது முறை முயன்றேன். முப்பது முறையும் டொக்.

இதைத் திரையில் காட்டவேண்டும். அதுவும் தெளிவாக, அளவோடு, பார்க்கிற எவளும் மறுநாளே செய்துகொள்கிற மாதிரி. ஏழும் எட்டும் எடுத்து முடிந்துவிட்டன. கிடைப்பது ஒன்பதாவது வாரம். ஆனால் பத்தாவது வாரத்தில் அதே தாழ்ப்பாளைத் திறந்து இரண்டாவது கொலை நடக்கவேண்டும். மீதி மூன்று வாரமும் அந்தக் கொலையின்மேல்தான் நிற்கிறது. ஒன்பதில் துப்பறிபவரே கட்டை வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் பத்தில் யாரும் சாகமாட்டார்கள்.

தயாரிப்பாளர் அறைக்கு நானும் போனேன். அப்பாதான் கூப்பிட்டார். தனியாகப் போகப் பயம்.

"கொலையே நடக்கலன்னா துப்பறியிறவரு எதுக்கு சார்? வீடு வீடாப் போய்க் கதவு ரிப்பேர் பண்ணவா?"

"ஒரு லெட்டர் வந்துருக்கு சார்."

"லெட்டர் வராத சீரியல் எது? போன தடவ விஷத்தக் காட்டுனதுக்கு ஒருத்தர் மாமியாரக் கூட்டிட்டே வந்துட்டாரு."

"அப்ப திரைல ஒரு வரியாச்சும் ஓட விடுங்க. கதவப் பத்தி."

"ஜனங்க பயந்துருவாங்க சார்."

"பயப்படத்தான சார் பாக்குறாங்க."

தயாரிப்பாளர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் முட்டி இரண்டும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அந்த முட்டியோடுதான் சொன்னார்: "அப்ப ஒம்பதுல இருந்து நான் எழுதல. வேற யாரையாச்சும் வச்சுக்கங்க. முடிவு மட்டும் ஊருக்கே தெரியும்படி ஆகிரும். ஏற்கெனவே ஒரு போலீஸ்காரருக்குச் சொல்லிட்டேன்."

அப்பா தன் வாழ்க்கையில் விடுத்த ஒரே மிரட்டல் அது. "டீச்சர் ஒத்துக்கிட்டா பாக்கலாம். அவங்க கதையில ரெண்டு கொலைன்னு ஒப்பந்தம்" என்றார் தயாரிப்பாளர். டீச்சர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்ற தைரியத்தில் சொன்னது.

வீட்டுக்கு வந்து அப்பா டீச்சரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"தம்பி, பத்தாவது வாரம் சாகவேண்டியது அந்தத் தையல்காரிதான?"

"ஆமா டீச்சர்."

"அவளக் கொன்னது எனக்கே பிடிக்கல. என் புக்குல செத்தவ உங்க சீரியல்ல பொழச்சுக்கட்டும். எழுதுங்க."

ஐந்து நாளில் ஐந்து வாரத்தையும் திருப்பி எழுதினார். ஒட்ட ஒன்றுமில்லை, எல்லாம் கையெழுத்து. இடையிடையே எழுந்து போய் நாளிதழில் விட்ட வரி ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு வருவார்.

துப்பறிபவராக நடித்தவருக்குச் சுத்தியலும் திருகாணியும் பழக்கமில்லை. கட்டையைப் பொருத்தும்போது கட்டைவிரலில் போட்டுக்கொண்டார். "இது துப்பறியிற சீரியலா, தச்சுப் பட்டறையா?" என்று கத்தினார் இயக்குநர். ஆனால் அப்பா அந்தத் தடவையைத்தான் வைக்கச் சொன்னார். "அடிபட்ட மாதிரி இருந்தாத்தான் வீட்ல செய்வாங்க. சுத்தமாச் செஞ்சா நடிப்புன்னு நெனச்சிருவாங்க." நாற்பத்தேழு நொடி. அடிக்கோலால் மூன்று அங்குலம் அளப்பதிலிருந்து, கம்பி இழுபட்டு 'டொக்' என்று நிற்பதுவரை. அந்தச் சத்தத்தை இரண்டு மடங்காக ஏற்றச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் இசை வேண்டாம் என்றார்.

ஒன்பதாவது வாரம் ஒளிபரப்பானபோது நாங்கள் மூவரும் பார்த்தோம். அப்பா திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதடுகளை மட்டும் அசைத்தார். அக்கா வீட்டில் டிவி இருக்குமா? இன்றைக்கு மின்சாரம் இருக்குமா? அக்கா பார்த்திருப்பாளா, இல்லை அவன் மட்டும் பார்த்திருப்பானா? அன்று அவர் கேட்டது இந்த மூன்று கேள்விகள்தான்.

பதில் வரவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. தொடர் முடிந்தது. பார்த்தவர்களில் பாதிப்பேர் பத்தாவது வாரத்தோடு விட்டுவிட்டார்கள் என்று சொன்னார்கள். அப்பாவுக்கு அதன்பின் துப்பறியும் தொடர் எதுவும் வரவில்லை. குழந்தைகள் நிகழ்ச்சி எழுதினார். பேசும் முயல், பேசும் குடை. "குடைக்கும் பயம்தான்" என்று அம்மா சொல்வாள். மழைக்குப் பயந்த குடை அது.

ஆனால் அடிக்கோல் நிற்கவில்லை. பதினோரு ஆண்டு. தினமும் நான்கு நாளிதழ்கள். தனியாக இருந்த பெண் என்று எங்காவது செய்தி வந்தால் அந்த நாளிதழுக்கே போன் செய்வார். "கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சாங்க?" இரண்டு முறை, நீங்கள் யார், ஏன் கேட்கிறீர்கள் என்று போலீஸ்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அப்பா அவர்களுக்குக் கடிதத்தைக் காட்டினார். பழைய பாடத்தைத் திரும்ப ஒப்பிப்பதுபோல முழுவதையும் சொன்னார். அவர்கள் போனபின் குளிர் வந்தவர்போல நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

நான் இதற்குள் வேலைக்குப் போய்விட்டேன். லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர். நான் பராமரிக்கும் லிஃப்ட்டிலும் அப்பா ஏறமாட்டார். "உன்னக் குத்தம் சொல்லல. கயித்தச் சொல்றேன்" என்பார். ஒருமுறை அவரிடம் கேட்டேன், சரிசெய்தது நான்தானே, நீங்கள் ஏன் இப்படி உருக வேண்டும் என்று. "நீ படிப்புக்குச் செஞ்ச. நான் பயமுறுத்தச் செஞ்சேன்" என்றார். பிறகு அதைப்பற்றிப் பேசவிடவில்லை.

எங்கள் வீட்டில் ஆறு தாழ்ப்பாள்கள். ஆறிலும் கட்டை. ஒன்பதாவது வாரம் எழுதி முடித்த ஞாயிறன்றே நான்தான் பொருத்தினேன்.

"குளிக்கிற ரூமுக்கு எதுக்குங்க? சோப்பத் திருடவா வருவாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அப்பா.

மூன்று மாதத்துக்கு முன், ஒரு புதன்கிழமை. காலை ஏழு நாற்பது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குளியலறைக்குள் வாளி உருண்ட சத்தம். பிறகு கனமான ஒன்று விழுந்த சத்தம்.

"அப்பா?"

தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா கதவைத் தட்டினாள். தோளால் இடித்தேன். அது பழைய வீட்டுக் கனமான கதவு, அசையவில்லை. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கம்பிதான். கருவிப் பெட்டியில் கம்பி இருந்தது. எனக்கு நாற்பது நொடி போதும். பதினோரு ஆண்டாகத் தொடாத வேலை, ஆனாலும் கை மறக்கவில்லை. தாழ்ப்பாள் பிடிபட்டது. இழுத்தேன். நகர்ந்தது.

டொக்.

மறுபடி இழுத்தேன். டொக். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னடி, என்னடி" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. குளிக்கப் போகும்போதும் அவர் கட்டையை இறக்கிவிடுகிறார் என்று எனக்குத் தெரியாது. புரிந்தபின்னும் நான்கு முறை இழுத்தேன். திருகாணியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். இரண்டு அங்குலத் திருகாணி. அது பிடுங்கிக்கொண்டு வராது.

எதிர்வீட்டுக்காரரும் தச்சரும் சேர்ந்து கீல் பக்கத்தைப் பெயர்த்தார்கள். பத்தொன்பது நிமிடம்.

"முதல் ரெண்டு நிமிஷத்துலயே முடிஞ்சிருக்கும்மா. நீங்க உடனே தொறந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் மருத்துவர். எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. இப்போதும் கேட்கவில்லை.

நாளிதழில் சிறிய கட்டமாக அறிவிப்புக் கொடுத்தோம். தொடரின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன. பதினாறாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. நான் நான்காவது மணியில்தான் எடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

"டிவியில கதவுக்குக் கட்டை வைக்கக் காட்டுனாரே, அவரு வீடுங்களா?" பெண் குரல். மெதுவாக, வாயருகே கையை வைத்துப் பேசுவதுபோல.

"ஆமாங்க. நான் அவர் பொண்ணு. நீங்க?"

"பேரு வேணாம்மா. அப்ப லெட்டர் போட்டது என் தங்கச்சி."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த வாரம் பக்கத்து வீட்ல பாத்தேன்மா. மறுநாளே உடஞ்ச முக்காலியோட கால வெட்டிப் போட்டேன். அவரு மூணு அங்குலம்னாரு. என்கிட்ட ரெண்டரைதான் இருந்துச்சு. பத்துமா பத்தாதான்னு பயந்துகிட்டே கெடந்தேன்."

"அப்புறம்?"

"ஒம்பதாம் நாள். விடிஞ்சு பால் வாங்கக் கெளம்புறேன், கதவுகிட்ட போறேன், டொக்குன்னுச்சு. தாழ்ப்பாளு அரை விரல் நகந்து நிக்குது. மறுபடியும் டொக்குன்னுச்சு. எத்தன தரம்னு எண்ணல. வாயில முந்தானைய அடச்சுகிட்டு நின்னேன். அப்புறம் காலடிச் சத்தம் எறங்கிப் போச்சு. வெளிய கம்பி கெடந்துச்சு."

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"அன்னிக்கே ஊர மாத்திட்டேன். அதுக்கப்புறம் மூணு வீடு மாறியாச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல கட்டைதான்."

"அப்பாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமேம்மா. பதினோரு வருஷம் தினம் பேப்பர்ல உங்களத் தேடிக்கிட்டு இருந்தாரு."



"லெட்டர்ல ஊர் முத்திரை விழும்ல. அவன் கண்ல பட்டுச்சுன்னா? பயம்மா. தெனம் எழுதணும்னு நெனப்பேன். தெனம் பயம்."

எனக்குக் கோபம் வந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதுவாகவே போனது. அங்கே அவள் அவன் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று பயந்துகொண்டிருந்திருக்கிறாள். இங்கே அவள் செய்தியில் வந்துவிடக்கூடாது என்று அப்பா பயந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு தபால் அட்டை போதும். அதை யாராலும் போட முடியவில்லை.

"அப்பா எப்படிம்மா போனாரு?"

"மாரடைப்புங்க. காலைல குளிக்கப் போனப்ப."

"ஐயோ." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க வீட்லயும் கட்டை இருந்திருக்குமேம்மா. தாழு... உள்ள தாழு போட்டிருந்தாரா?"

அவள் குரல் மாறியிருந்தது. பதினோரு ஆண்டாக அந்தக் கட்டைக்குப் பின்னால் தூங்கும் பெண். அவள் இப்போது எங்கே நின்று பேசுகிறாள், எந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் இருபத்தேழு புத்தகங்களிலும் செய்ததை நான் ஒரே ஒருமுறை செய்தேன்.

"இல்லங்க" என்றேன். "கதவச் சும்மா சாத்தித்தான் வச்சிருந்தாரு. உடனே உள்ள போயிட்டோம். என் கையப் பிடிச்சுகிட்டுதான் போனாரு."

"அப்பாடி" என்றாள். அழுதாள். "நல்ல மனுஷன்மா."

"நீங்க கட்டையக் கழட்டிராதீங்க."

"கழட்டமாட்டேன்மா. எங்க கழட்ட?"

வைத்துவிட்டாள். எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. அவள் அதைத்தான் விரும்பியிருப்பாள்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் என்று கேட்கவில்லை. மேசைமேல் பிரிக்காத நாளிதழ்கள் பதினாறு நாளாகச் சேர்ந்து கிடந்தன. நிறுத்தச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. அம்மா மேலே இருந்ததை எடுத்து விரித்து, அடிக்கோலை முதல் வரியின் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு அடிக்கோலை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.